கொட்டகையில் இரண்டு வருடம் கிடந்த துடுப்புப் படகு: தண்ணீரில் இறக்கும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?

கரையோரம் (ஞாயிறு, காலை)

எல்லோருக்கும் வணக்கம். மாமா வைத்திருந்த மரப்படகு இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. நீளம் 4 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், நடுவில் அகலம் 1.4 மீட்டர். பலகைகள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் கிளிங்கர் வகை. பலகை லார்ச் மரம், வங்குகள் (பலகைகளைக் குறுக்கே பிடிக்கும் விலா எலும்பு போன்ற கட்டைகள்) ஓக் மரம், ரிவெட்டெல்லாம் செம்பு. மாமாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து இரண்டு வருடமாகக் கொட்டகைக்குள் கவிழ்த்துப் போட்டபடியே கிடந்தது.

நேற்று நான்கு பேர் சேர்ந்து நிமிர்த்தி வைத்தோம். உள்ளே குனிந்து பார்த்தால் அடியில் நான்கைந்து இடத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. ஏராவை (படகின் அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்புக் கட்டை) ஒட்டிய முதல் பலகையில் ஓரிடத்தில் விசிட்டிங் கார்டே நுழைகிறது. வெளியே வெள்ளை பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. உள்ளே வார்னிஷ் பாதி இடத்தில் வெளுத்துக் கிடக்கிறது.

பருவம் தொடங்க ஆறு வாரம் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், "இடுக்கு முழுக்க எபாக்சி பட்டி வைத்து அடைத்துவிடு, அப்புறம் ஜென்மத்துக்கும் ஒழுகாது" என்கிறார். கல் போல இறுகும் பிசின் அது. செய்யலாமா? நான் துடுப்புப் போடப் பழகியதே இந்தப் படகில்தான். தெரியாமல் எதையாவது செய்து கெடுத்துவிடக் கூடாது.

பழைய துடுப்பு (ஞாயிறு, மதியம்)

தம்பி, பட்டி டப்பாவைத் திறக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பார்க்கும் வெளிச்சம் ஓட்டை இல்லை. மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். காலியாகக் கிடந்த மரப் பீப்பாயில் தண்ணீர் ஊற்றினால் முதலில் எல்லாப் பக்கமும் ஒழுகும். இரண்டு நாள் ஊறினால் நின்றுவிடும். படகும் அப்படித்தான். தண்ணீர் குடித்தால் பலகை உப்பி, இடுக்கு தானாக மூடிக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம், அது உப்பும்போது எதுவும் குறுக்கே நிற்காமல் பார்த்துக்கொள்வது.

சரி, சில கேள்விகள். படகை இப்போது எதன்மேல் வைத்திருக்கிறீர்கள்? வங்குகளில் உடைந்தது உண்டா? படகின் பின்முனையை மூடும் பின்பலகையின் அடி முனையைக் குத்திப் பார்த்தீர்களா? பலகை ஏறும் இடங்களில் யாராவது முன்பே எதையாவது பூசி வைத்திருக்கிறார்களா? இதற்கெல்லாம் பதில் தெரிந்த பிறகு பெயிண்ட் பற்றிப் பேசலாம்.

நீலப்பாய் (ஞாயிறு, மாலை)

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். என் படகும் கிளிங்கர்தான். எல்லா இணைப்பும் எபாக்சி. ஆறு பருவம் ஓட்டிவிட்டேன், ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை. வருடா வருடம் ஊற வைத்துக் காத்திருப்பதெல்லாம் தேவையில்லாத சிரமம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ரம்பப்பொடி (ஞாயிறு, இரவு)

நீலப்பாய், உங்கள் படகின் பலகை முழு மரமா, ஒட்டுப் பலகையா (பிளைவுட்)?

நீலப்பாய் (ஞாயிறு, இரவு)

கடல் தர ஒட்டுப் பலகை. 6 மி.மீ.

ரம்பப்பொடி (திங்கள், காலை)

அப்படியானால் நீங்கள் செய்தது முழுக்கச் சரி. உங்கள் படகுக்கு எபாக்சிதான் எலும்பு. ஆனால் இந்த இழையைத் தொடங்கிக் கேட்பவரின் படகு வேறு ஜாதி மரவேலை. நான் தச்சன், என் அனுபவத்திலிருந்து கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒட்டுப் பலகையில் ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததற்குக் குறுக்காக ஒட்டப்பட்டிருக்கும். ஓர் அடுக்கு உப்பப் பார்த்தால் பக்கத்து அடுக்கு பிடித்து நிறுத்திவிடும். அதனால் பலகை அகல வாக்கில் அசைவதே அரிது. முழு மரத்துக்கு அந்தக் கட்டு இல்லை. நார் ஓடும் திசையில் மரம் கிட்டத்தட்ட நீளவே நீளாது. அகல வாக்கில் நன்றாக உப்பும். அதிலும் வளையத்தை ஒட்டிய திசையில் உப்புவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் உப்புவதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. மரத்தின் ஈரம் ஏறக்குறைய 28 முதல் 30 சதவீதத்தைத் தொடும்வரை இந்த உப்பல் நடக்கும். அதற்குமேல் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் எடை கூடுமே தவிர அளவு மாறாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். பலகை 12 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். அது வெறும் ஒரு சதவீதம் உப்பினாலே 1.2 மி.மீ. ஒரு பக்கத்தில் ஒன்பது பலகை இருந்தால் மொத்தம் 1 செ.மீ.க்கு மேல். பலகைகளைக் குறுக்கே பிடித்திருக்கும் வங்கு, தன் நார் வாக்கில் போவதால், ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. படகு சும்மா விடப்பட்டிருந்தால் அந்த 1 செ.மீ. பலகை ஏறும் இடங்களில் இறுகியும் நசுங்கியும் ரிவெட்டுகளில் கொஞ்சம் நெகிழ்ந்தும் போய்விடும். நீங்கள் அங்கே கல் போன்ற பட்டியை வைத்து அடைத்துவிட்டால் அது மூடுவதற்கு இடமே இல்லை. பட்டி ஆப்பு மாதிரி நின்றுவிடும். பிறகு உடைவது வங்கு, அல்லது ரிவெட் வரிசையை ஒட்டி நீளமாகப் பிளப்பது பலகை. இரண்டையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கெடுதல், முழு மரத்துக்கு வெளியே மட்டும் எபாக்சி பூசினால் உள்ளிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும். மரம் மக்கத் தொடங்க 20 சதவீதத்துக்கு மேல் ஈரமும் கொஞ்சம் காற்றும் போதும்.

நீலப்பாய் (திங்கள், மதியம்)

புரிந்தது. நான் இரண்டையும் ஒன்றாக நினைத்திருந்தேன். கரையோரம், என் யோசனையை விட்டுவிடுங்கள்.

கரையோரம் (திங்கள், இரவு)

எல்லோருக்கும் நன்றி. ரம்பப்பொடி அண்ணன் சொன்ன கணக்கைப் படித்த பிறகு இடுக்குகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

பழைய துடுப்பு ஐயா கேட்டவற்றுக்குப் பதில். படகு இரண்டு மரக்குதிரைகள்மேல் நிற்கிறது, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. டார்ச் அடித்துத் தேடியதில் இடப்பக்கம் அடிவளைவில் அடுத்தடுத்து இரண்டு வங்கு உடைந்திருக்கிறது. பின்பலகையின் கீழ் முனையில் திருப்புளி 2 செ.மீ. ஆழம் சுலபமாக இறங்குகிறது. வலப்பக்கம் இரண்டாவது பலகை ஏறும் இடத்தில் சுமார் 70 செ.மீ. நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ கெட்டியாக அடைத்திருக்கிறது. பல வருடம் முன்பு மாமா யாரிடமோ பழுது பார்க்கக் கொடுத்தாராம், அவர் செய்தது போலிருக்கிறது.

பழைய துடுப்பு (செவ்வாய், காலை)

உடைந்த வங்கும் அந்தச் சாம்பல் பட்டியும் ஒரே உயரத்தில் எதிரெதிர்ப் பக்கம் இருப்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒரு பக்கம் நகர முடியாவிட்டால் அழுத்தம் இன்னொரு பக்கம் வழி தேடும். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், படகு எதிலாவது மோதியும் இருக்கலாம். எப்படியானாலும் அந்தப் பட்டி வெளியே வர வேண்டும்.

அதற்கு முன்னால் மரக்குதிரை விஷயம். இரண்டு முனையில் மட்டும் தாங்கினால் நடு உடல் தொங்கும். காய்ந்து தளர்ந்திருக்கும் நேரத்தில் படகு எந்த வடிவில் நிற்கிறதோ அதே வடிவில்தான் ஊறி இறுகும். ஏராவின் அடியில் நீளமாக ஒரு கட்டை கொடுங்கள், அல்லது மூன்று நான்கு இடத்தில் தாங்கு வையுங்கள். இரு பக்கமும் அடிவளைவில் மெத்தென்ற தாங்கலும் வேண்டும். ஏராவின் மேல் ஒரு நூல் கட்டிப் பாருங்கள், நேராக இருக்கிறதா என்று உடனே தெரியும்.

பட்டியை எடுக்க ஆக்ஸா பிளேடு ஒரு துண்டை முனையில் கொக்கி போல் தீட்டிக்கொண்டு மெதுவாகச் சுரண்டி இழுங்கள். மின் ரம்பம், அரவை இயந்திரம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. ஒரு நொடி கை நழுவினால் கீழே இருக்கும் பலகையில் நிரந்தரமாக ஒரு கோடு விழும். 70 செ.மீ.க்கு ஒரு முழு நாள் ஆகும். ஆகட்டும்.

ரம்பப்பொடி (செவ்வாய், மாலை)

பின்பலகை பற்றி. 2 செ.மீ. இறங்குகிறது என்றால் அந்த இடத்தில் நார் செத்துவிட்டது. மக்கிய மரத்தில் எபாக்சி உறிஞ்ச வைத்துக் கெட்டியாக்கலாம் என்பார்கள். தொட்டால் கெட்டியாக இருக்கும், ஆனால் ஆணியைப் பிடிக்கும் பலம் திரும்பி வராது. நல்ல மரம் தென்படும்வரை உளியால் வெட்டி எடுங்கள். அதே மரத்தில், அதே நார் திசையில் ஒட்டுத் துண்டு செதுக்கி வைத்து ஒட்டுங்கள். வெட்டிய ஓரத்தைச் சதுரமாக விடாமல் சரிவாகச் சீவினால் ஒட்டும் பரப்பு கூடும்.

வேறு எங்கெல்லாம் மக்கியிருக்கும் என்று தேட ஒரு வழி: திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கணீரென்று பேசும், மக்கியது சத்தமே இல்லாமல் மொத்தென்று கேட்கும். சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் கூர்முனையால் குத்துங்கள், படகு முழுக்கக் குத்த வேண்டாம். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை பலகைகள் முகப்புக் கட்டையில் முடியும் முனைகள், ஏராவும் முதல் பலகையும் சேரும் பள்ளம், உட்காரும் பலகையைத் தாங்கும் முட்டுக் கட்டைகளின் மேல்பக்கம், விளிம்புக் கட்டையின் உள்பக்கம். மழைத் தண்ணீரும் இலைச் சருகும் தங்கும் இடமெல்லாம் சந்தேகத்துக்குரியது. நல்ல தண்ணீர்தான் மரத்தை மக்க வைக்கும். உப்புத் தண்ணீர் அந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை.

வங்குக்கு: உடைந்ததைப் பிடுங்க வேண்டாம். பக்கத்திலேயே புது வங்கு ஒன்றை வளைத்துப் போட்டுப் புது ரிவெட் அடியுங்கள். ஓக் ஈரமாக இருந்தால் நன்றாக வளையும், சூளையில் உலர்த்தியது முறியும். ஆவியில் வேகவைக்கும் நேரம் 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. உங்கள் வங்கு 12 மி.மீ. இருந்தால் அரை மணி. பெட்டியிலிருந்து எடுத்தால் அரை நிமிடத்துக்குள் வளைத்து முடிக்க வேண்டும். அதனால் முதலில் சூடில்லாத வெற்றுக் கட்டையை வைத்து ஒத்திகை பாருங்கள். இரண்டு பேர் கட்டாயம் வேண்டும்.

ஆற்றுமணல் (செவ்வாய், இரவு)

யாரும் இன்னும் சொல்லாத ஒன்று. படகு எத்தனை வயது? பழையதென்றால் அடிப்பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஓர் அடுக்கு தெரிந்தால் அது ஈயச் செந்தூரமாக இருக்கலாம். உலர வைத்து உப்புத்தாள் போடாதீர்கள். தண்ணீர் தொட்டு நனைத்துத் தேயுங்கள், சரியான முகமூடி போடுங்கள், கீழே தார்ப்பாய் விரித்து உதிர்வதைச் சேர்த்துக் கட்டுங்கள். தீச்சுடர் வைத்துப் பெயிண்டை எரிப்பது கூடவே கூடாது, ஈயப் புகை வரும். வேலை செய்த உடுப்போடு குழந்தைகளைத் தூக்காதீர்கள். ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக் குச்சி கிடைக்கிறது, முதலில் அதை வாங்குங்கள்.

கரையோரம் (புதன், காலை)

படகுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பரிசோதித்துவிட்டுத்தான் தொடுவேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறாள், நல்ல நேரத்தில் சொன்னீர்கள்.

தேன்மெழுகு (புதன், மாலை)

படகைப் பற்றி எல்லோரும் சொல்கிறீர்கள், துடுப்பை மறந்துவிட்டீர்களே! துடுப்புகளை எப்படி வைத்திருந்தார்கள்? சுவரில் சாய்த்து இரண்டு வருடம் இருந்திருந்தால் வளைந்திருக்கும். தண்டு வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்.

கரையோரம் (புதன், இரவு)

சாய்த்துத்தான் இருந்தது அக்கா. ஒன்று நேராக இருக்கிறது, இன்னொன்றில் லேசான வளைவு. கவையில், அதாவது விளிம்பில் துடுப்பைத் தாங்கும் கொண்டியில், உட்காரும் இடத்தில் சுற்றியிருந்த தோல் காய்ந்து வெடித்து, சிறு ஆணிகள் வெளியே தெரிகின்றன.

தேன்மெழுகு (வியாழன், காலை)

அந்த ஆணிகளை எல்லாம் பிடுங்குங்கள். துடுப்பு முறியும் என்றால் பெரும்பாலும் அங்கேதான் முறியும். சரியாக அந்த இடத்தில் போய் வளையமாக ஆணி அடித்து மரத்தைப் பலவீனமாக்கி, ஆணி வழியே தண்ணீரையும் உள்ளே விடுகிறோம். தோலை ஆணி இல்லாமல் தைத்தே கட்டலாம். தோலை ஊற வைத்து, தண்டைச் சுற்றி அளந்து, ஓரங்கள் தொடுவதற்குச் சில மி.மீ. குறைவாக வெட்டி, மெழுகு போட்ட நூலால் இழுத்து இழுத்துத் தையுங்கள். காய்ந்ததும் சுருங்கித் தண்டைக் கவ்விப் பிடிக்கும். தையல் கவையில் உரசாத பக்கம் வரட்டும். பிறகு கொழுப்போ வாசலினோ தடவினால் கிரீச் சத்தம் வராது.

பழைய தோலை எடுத்ததும் அடியில் மரம் கறுத்திருக்கிறதா, குறுக்கே முடி போன்ற வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். குறுக்கு வெடிப்பு இருந்தால் அந்தத் துடுப்பை நம்ப வேண்டாம். நீள வாக்கில் சிறு வெடிப்பு பரவாயில்லை, ஒட்டிக்கொள்ளலாம்.

மாற்றுத் துடுப்பு வாங்க நேர்ந்தால் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு கவையிலிருந்து எதிர்க் கவை வரை அளந்து, பாதியாக்கி, 5 செ.மீ. கூட்டுங்கள். துடுப்பில் உங்கள் கைப்பக்கம் இருக்க வேண்டிய நீளம் அது. அதை 25ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் முழு நீளம் வரும். கவைகளின் இடைவெளி 120 செ.மீ. என்றால் பாதி 60, கூட்டினால் 65, முழுத் துடுப்பு சுமார் 232 செ.மீ. பலபேர் குட்டையான துடுப்பை வைத்துக்கொண்டு படகு பாரம் என்று நினைக்கிறார்கள்.

வார்னிஷ் அடிக்கும்போது கைப்பிடியில் மட்டும் அடிக்காதீர்கள். வெறும் மரமாக விட்டு எண்ணெய் தேய்த்தால் போதும். வார்னிஷ் போட்ட பிடி அரை மணி நேரத்தில் கையைக் கொப்புளமாக்கிவிடும்.

மூன்றாம் பலகை (வியாழன், இரவு)

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பழுது பார்க்கும் கட்டுமுறை எவ்வளவு பழையது என்று நினைத்துப் பார்த்தால் எனக்குச் சிலிர்க்கும். டென்மார்க்கின் நிடாம் சதுப்பில் 1863இல் தோண்டியெடுத்த ஓக் படகு ஏறக்குறைய கி.பி. 320ஐச் சேர்ந்தது. அதுவும் இதே போலப் பலகைமேல் பலகை ஏற்றி ரிவெட் அடித்தது, துடுப்பு வலித்தே ஓட்டியது. 1880இல் நார்வேயில் கிடைத்த கோக்ஸ்டாட் கப்பல் 23 மீட்டருக்கு மேல் நீளம், 32 துடுப்பு. அதனுடன் மூன்று சிறு படகுகளும் புதைக்கப்பட்டிருந்தன. அவற்றில் மிகச் சிறியது சுமார் 6.5 மீட்டர். அந்தக் காலத்தில் இரும்பு ரிவெட், பலகை ஏறும் இடத்தில் தார் தோய்த்த ரோமம். அந்த ரோமத்தை நசுக்கிக்கொண்டு பலகை இறுகலாம், கல் மாதிரி எதிர்த்து நிற்காது. இங்கே இந்த வாரம் முழுக்கப் பேசியது அதுதானே. நார்டிக் நாடுகளின் இந்தப் படகு கட்டும் மரபை யுனெஸ்கோ 2021இல் தன் பட்டியலில் சேர்த்தது.

கரையோரம் (இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு)

நிலவரம் சொல்கிறேன். ஈயம் இருந்தது. நனைத்தே தேய்த்தேன், ஆறு மாலை ஆனது. சாம்பல் பட்டி முழுக்க வெளியே வந்துவிட்டது. பின்பலகைக்கு ஒட்டுத் துண்டு வைத்தாயிற்று. புது வங்கில் முதலாவது வளைக்கும்போதே முறிந்தது, இரண்டாவதும் மூன்றாவதும் சரியாக உட்கார்ந்தன.

இப்போது இரண்டு சந்தேகம். அடியில் சில ரிவெட்டுகளைக் கையால் அசைத்தால் வாஷர் லேசாக ஆடுகிறது. மாற்ற வேண்டுமா? அப்புறம், எதை எந்த வரிசையில் பூசுவது?

பழைய துடுப்பு (ஞாயிறு, மதியம்)

ஆடுவதெல்லாம் மாற்ற வேண்டியது இல்லை. மரம் சுருங்கியதால் ஆடுகிறது. ஒருவர் வெளியே ஆணித் தலையில் கனமான இரும்பைப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே சின்னச் சுத்தியால் நாலைந்து தட்டு. பலமான அடி கூடாது. ஓங்கி அடித்தால் செம்பு மரத்துக்குள்ளேயே வளைந்துகொள்ளும், மேலே இறுகியது போலத் தெரியும், உண்மையில் பிடிக்காது. தட்டியும் ஆடினால் அப்போது எடுத்துவிட்டுக் கொஞ்சம் தடித்த ஆணி போடுங்கள். எந்தக் காரணத்துக்கும் இரும்பு ஆணியோ சாதாரண ஸ்க்ரூவோ வைக்காதீர்கள். செம்புக்குப் பக்கத்தில் ஈரத்தில் இரும்பு அரித்துப்போகும், ஓக் மரத்தையும் கறுப்பாக்கிக் கெடுக்கும். பித்தளை ஸ்க்ரூவும் தண்ணீருக்குள் நாளடைவில் துத்தநாகத்தை இழந்து இளஞ்சிவப்பாகி, திருகினால் பொடியாகும். ஸ்க்ரூ வேண்டிய இடத்தில் சிலிக்கான் வெண்கலம் போடுங்கள்.

பூச்சுக்கு வருவோம். உள்பக்கம் அடியில் நான் வார்னிஷ் அடிப்பதில்லை. ஆளிவிதை எண்ணெய், பைன் தார், டர்பன்டைன் மூன்றும் சம பங்கு கலந்து, மரம் குடிக்கும்வரை தடவி, குடிக்காமல் நிற்பதைத் துணியால் துடைத்துவிடுவேன். துடைக்காமல் விட்டால் மாதக் கணக்கில் பிசுபிசுக்கும். வருடா வருடம் மேலே மேலே தடவினால் போதும், சுரண்டும் வேலையே இல்லை. அந்த வாசனை ஒரு வாரம் கையை விட்டுப் போகாது, எனக்கு அது பிடிக்கும்.

உட்காரும் பலகை, விளிம்புக் கட்டை, பின்பலகை இவற்றுக்கு வார்னிஷ். வெளியே பெயிண்ட், வெள்ளையே இருக்கட்டும். அடர் நிறம் வெயிலில் சூடேறிப் பலகையை மேலும் காய வைக்கும்.

ஆற்றுமணல் (ஞாயிறு, மாலை)

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள்! ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற முடியாமல் தானாகத் தீப்பிடிக்கும். திறந்த வெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். மரக் கொட்டகை, மரப்படகு, டர்பன்டைன் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள்.

தேன்மெழுகு (திங்கள், காலை)

வார்னிஷுக்கு என் பங்கு. முதல் பூச்சை டர்பன்டைன் பாதிக்குப் பாதி கலந்து தண்ணீராக அடியுங்கள், மரத்துக்குள் இறங்கட்டும். அடுத்ததில் கால் பங்கு. பிறகு ஏறக்குறைய அப்படியே. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே 220 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை லேசாகத் தேய்த்து, தூசியை ஈரத் துணியால் எடுத்துவிட வேண்டும். ஐந்து ஆறு பூச்சு இருந்தால்தான் வெயிலைத் தாங்கும். வார்னிஷுக்குக் கீழே மரத்தின் நாரைக் கெடுத்து வார்னிஷை உரிய வைப்பது சூரியனின் புற ஊதாக் கதிர், அதனால் அதைத் தடுக்கும் வகை வார்னிஷ் வாங்குங்கள்.

டப்பாவைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். நேர் வெயிலிலும் அடிக்காதீர்கள். பிற்பகலுக்குமேல் தொடங்கினால் இரவுப் பனி விழுந்து மேற்பரப்பு பால் போல வெளுத்துவிடும். ஒரு முறை அப்படி எனக்கு நான்காவது பூச்சு முழுக்க வீணாகி, தேய்த்து எடுத்துத் திரும்ப அடித்தேன்.

வெள்ளோடம் (திங்கள், இரவு)

இடையில் புகுந்து கேட்கிறேன். என் படகில் பலகைகள் ஏறவில்லை, விளிம்போடு விளிம்பு சேர்ந்து வழவழப்பாக இருக்கிறது. நானும் ஒன்றும் அடைக்கக் கூடாதா?

ரம்பப்பொடி (திங்கள், இரவு)

உங்களுடையது கார்வெல். அதற்குக் கலப்பத்து அடிக்கத்தான் வேண்டும். பஞ்சு இழையை இடுக்கில் வைத்து மழுங்கல் உளியால் இறக்கி, மேலே பெயிண்ட் தொட்டு, காய்ந்தும் இறுகிப்போகாத மென்மையான பட்டி பூச வேண்டும். பழைய பஞ்சு கெட்டியாக நல்லபடி இருந்தால் கிளறாதீர்கள். படகு காய்ந்திருக்கும்போது இடுக்கு நிறைய அடித்துத் திணித்தால், ஊறியதும் பலகையை வங்கிலிருந்து பெயர்த்துவிடும். தனி இழை தொடங்குங்கள், படம் போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.

கரையோரம் (மேலும் இரண்டு வாரம் கழித்து)

பூச்சு வேலை முடிந்தது. இடுக்குகளில் வெளிச்சம் இன்னும் தெரிகிறது. அப்படியே இறக்கிவிடலாமா? உள்ளே தண்ணீர் ஊற்றி ஊற வைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பழைய துடுப்பு (அன்றே)

நிலத்தில் வைத்துத் தண்ணீர் நிரப்பாதீர்கள். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 15 செ.மீ. ஆழம் என்றாலே 450 லிட்டர், அதாவது 450 கிலோ. படகு வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கக் கட்டியது. உள்ளிருந்து அவ்வளவு கனம் தள்ளினால் காய்ந்த பலகைகள் விரியும்.

பழைய சாக்குகளை நனைத்து அடியில் விரியுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து ஈரம் காயாமல் ஒரு வாரம் வையுங்கள். வெளிப்பக்கமும் நனையட்டும், மேலே தார்ப்பாய் போட்டு நிழல் கொடுங்கள். அதற்குப் பிறகு முழங்கால் ஆழத் தண்ணீரில் இறக்கி, முன்னும் பின்னும் கட்டி, நிரம்ப விடுங்கள். அடித்தட்டுப் பலகை, துடுப்பு, மிதக்கக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் பலகைக்கு எந்தச் சுமையும் இல்லை. இரண்டு மூன்று நாள் அப்படியே கிடக்கட்டும். நிரம்பிய படகைத் தூக்கவோ கரைக்கு இழுக்கவோ முயலாதீர்கள். முதலில் இறைத்துவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

கரையோரம் (ஒன்பது நாள் கழித்து)

இறக்கியாயிற்று. ஒரு வாரம் சாக்கு நனைத்ததிலேயே பாதி வெளிச்சம் மறைந்துவிட்டது. தண்ணீரில் வைத்ததும் ஏராப் பக்கமெல்லாம் ஊற்றாகப் பீறிட்டது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரை நிரம்பியது. மூன்று நாள் தொடவில்லை.

இன்று காலை இறைத்தேன். முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று வாளி வந்தது. மதியத்துக்குள் ஒரு வாளி. மாலையில் ஸ்பஞ்சால் ஒற்றி எடுக்கும் அளவுதான். விசிட்டிங் கார்டு நுழைந்த இடத்தை விரலால் தடவினேன், இடுக்கு எங்கே என்றே தெரியவில்லை. பட்டி எடுத்த அந்த 70 செ.மீ.யும் மூடிக்கொண்டது. புது வங்குக்குப் பக்கத்தில் ஒரு ரிவெட் மட்டும் சொட்டுகிறது, நிமிடத்துக்கு ஏழெட்டுச் சொட்டு.

ரம்பப்பொடி (அன்று இரவு)

அதைத் தொடாதீர்கள். பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். இரண்டு வாரத்தில் தானாக நிற்கலாம். நிற்காவிட்டால் பருவம் முடிந்து கரையேற்றும்போது அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

தேன்மெழுகு (அன்று இரவு)

துடுப்புத் தோல்?

கரையோரம் (மறுநாள் காலை)

தைத்துவிட்டேன் அக்கா, ஆணி இல்லாமல். முதல் தையல் கோணலாக வந்தது, பிரித்துத் திரும்பத் தைத்தேன். ஈரம் காய்ந்ததும் நீங்கள் சொன்னது போலவே கவ்விக்கொண்டது. வட்டமும் போட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாமாவை அழைத்து வருகிறேன். பின் இருக்கையில்தான் உட்காருவேன் என்கிறார். அவர் கொஞ்சம் கனமான ஆள். படகில் வலிக்கும் இடம் நடுவில் ஒன்று, அணியத்தை, அதாவது முன்முனையை, ஒட்டி இன்னொன்று, இரண்டுக்கும் கவை இருக்கிறது. நான் எங்கே உட்காருவது?

பழைய துடுப்பு (மறுநாள் காலை)

முன்னால் போய் உட்காருங்கள். நடுவில் இருந்தால் பின்பக்கம் அமுங்கி, அணியம் தூக்கி, காற்று அடித்த பக்கமெல்லாம் மூக்கு திரும்பும். முன் இருக்கையிலிருந்து வலித்தால் படகு மட்டமாக நிற்கும், பின்பலகையும் தண்ணீரை இழுத்துக்கொண்டு வராது. மாமா ஏறும்போது விளிம்பில் கால் வைக்காமல் படகின் நடுக்கோட்டில் வைக்கச் சொல்லுங்கள். கால் தாங்கும் கட்டையை முன் இருக்கைக்கு ஏற்றபடி நகர்த்திவிட்டுக் கிளம்புங்கள்.